கைப்பிடியில் ஒரு துண்டு

வந்தோமா, அம்மாவைப் பார்த்தோமா, போனோமா என்று இருக்கிற பிள்ளை இல்லை அவன். வந்த காலோடு, வீட்டோடு இருந்து அம்மாவைக் கவனிக்கிற நர்ஸிடம் எகிறினான்.

"அப்பா குளிக்கிறாரு, துண்டு குடுன்னு அம்மா கேட்டா, நீங்களும் ஆமாம்சாமி போட்டுத் துண்டை மாட்டுறீங்களாமே?"

மறதி நோய்க்காரர்களை மறுத்துப் பேசக்கூடாது என்பது நர்ஸின் தொழில் பாடம். அதனால் தினமும் குளியலறைக் கதவின் கைப்பிடியில் துண்டை மாட்டுவாள். கொஞ்ச நேரத்தில் அது சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். பிழிந்து காயப்போடுவாள். அதைப் பற்றி யாரிடமும் அவள் மூச்சு விட்டதில்லை.

"கையெடுத்துக் கும்பிடறேன் சார், அவங்ககிட்ட எதுவும் சொல்லாதீங்க. நீங்க சொல்ற ஒவ்வொரு தடவையும் அவரு புதுசா சாவாரு."

"எனக்கே பாடம் எடுக்கறீங்களா?"

அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினான். "அப்பா இல்லம்மா! போன வருஷமே பாத்ரூம்ல வழுக்கி விழுந்து செத்துட்டாரு! மண்டையில ஏறுதா?"

அந்த நிமிடம்தான் சேதி கேட்டவள்போல அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

குளியலறைக்குள் கனமாக ஏதோ விழுந்தது.

மகன் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினான். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. "அப்பா! அப்பா!" என்று இரண்டு கையாலும் அடித்தான்.

நர்ஸ் அவன் பின்னாலேயே வந்து நின்றாள்.

"அதான் செத்துட்டாருன்னு சொல்லிட்டீங்களே," என்றாள். "இப்ப யாரைக் கூப்பிடறீங்க?"

கைப்பிடியில் அன்று மாட்டிய துண்டு நனையாமல் அப்படியே தொங்கியது.