முன்கண்ணாடி ஸ்டிக்கர்

"காரு தகுதிச் சோதனையில எல்லாம் சரி, மராமா. இன்னும் ஆறு மாசத்துக்குக் கவலையில்ல," என்றார் மெக்கானிக் டெவிட்டா. நியூசிலாந்தின் கிஸ்பர்ன் ஊரிலுள்ள அவர் ஒர்க்‌ஷாப்பில் அன்று அது பதினோராவது கார். முதுகு வலித்தது.

"பிரேக்கை இன்னொரு தடவை பாருங்கண்ணே."

"மூணு தடவை பாத்தாச்சு. குறை தேடச் சொல்லிக் கெஞ்சுறவளை இப்பத்தான் பாக்கிறேன்!"

அவள் வாசலில் நின்ற அப்பாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அப்பாவுக்குக் கண்ணு மங்கிப்போச்சுண்ணே. சாவியைக் கேட்டா, 'சோதனையில காரு பாஸாகிட்டே இருக்கிற வரைக்கும் நான்தான் ஓட்டுவேன்'ங்கிறாரு. நாளைக்கு என் பிள்ளைங்களை ஏத்திட்டுப் போகப்போறாராம்."

டெவிட்டா பெருமூச்சு விட்டார். நல்ல காரைப் பழுதென்று எழுத அவருக்குக் கை வராது. அடுத்த சோதனைத் தேதி எழுதிய ஸ்டிக்கரை, டிரைவருக்குத் தெரியும்படி முன்கண்ணாடியில் ஒட்டினார்.

"வாசல்ல இருக்கிற அப்பாவைக் கூட்டிட்டு வா. அடுத்த சோதனை என்னிக்குன்னு டிரைவர் சீட்ல உக்காந்து அவரே வாசிக்கட்டும். வாசிச்சுக் காட்டுற வரைக்கும் சாவி என்கிட்ட இருக்கட்டும்."