எதிர் வீட்டுக் கதவு

மதியம் ஒரு மணிக்குச் சுவர்த் திரை பேசியது.

"உங்களுக்கும் எதிர் வீட்டுக்கும் ஒரே மின்சாரப் பங்கு. இருவரும் இரண்டு மணி நேரம் ஏசியை அணைத்தால் பிறகு தடையே இராது. ஒருவர் மட்டும் அணைத்தால், அவர் பங்கும் மற்றவருக்குப் போய்விடும். அணைத்தவருக்கு மின்சாரம் நாளைக் காலைதான் வரும். இருவருமே அணைக்காவிட்டால் மாலை வரை இருவருக்கும் மின்சாரம் இல்லை. ஒரு நிமிடத்தில் முடிவு சொல்லுங்கள்."

வேலூரில் அன்று நாற்பத்தெட்டு டிகிரி. ரெஜினாவின் கணவர் சூசை இதய அறுவை சிகிச்சை முடிந்து வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. எதிர் வீட்டு மும்தாஜோடு பேச்சு நின்று இரண்டு வருஷம்.

"அவ அணைக்க மாட்டா," என்றாள் ரெஜினா.

"அவளும் நம்மளப் பத்தி அதையேதான் நெனப்பா. நீ அணைச்சிடு," என்றார் சூசை.

அரை மனதோடு அணைத்தாள். சூசையின் நெற்றியில் துளிர்த்த வியர்வையைத் துண்டால் ஒற்றினாள்.

அப்போது எதிர் வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஏசி ஓடுகிற வீட்டில் யார் கதவைத் திறந்து வைப்பார்கள்? ரெஜினா ஓடிப்போய்த் தன் கதவைத் திறந்தாள். மும்தாஜ் துப்பட்டாவால் விசிறிக்கொண்டு நின்றாள்.

"நீயுமா?"

"அண்ணன ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வந்ததப் பாத்தேன்க்கா. அணைக்காம இருக்க எப்படி மனசு வரும்?"

ரெஜினா தன் கதவை அகலத் திறந்து வைத்தாள்.

"உங்க பின்பக்க ஜன்னலையும் திறந்துடுங்க. நானும் திறக்கிறேன்," என்றாள் மும்தாஜ்.

வந்தது வெக்கைக் காற்றுதான். ஆனாலும் இரண்டு வீட்டுக்குள்ளும் தாராளமாகப் புகுந்து ஓடியது. உள்ளேயிருந்து சூசை, "அப்பாடா!" என்றார்.