கணுக்கால் அளவு ஆறு

ஞாயிறு காலை கணினியில் விளையாட்டைத் திறந்தபோது ஆறு வற்றிப்போயிருந்தது. நேற்றுவரை கழுத்தளவு வெள்ளத்தில் நீந்தித்தான் அக்கரை சேர்ந்தேன். இன்று கணுக்கால்கூட நனையவில்லை. அப்புறம்தான் கவனித்தேன், நான் திறந்தது என் கணவர் மதியழகனின் ஆட்டத்தை. ஆடுகிறவரின் மனம் எதற்கு மிரள்கிறதோ, அதைத் தானாகவே குறைத்துவிடும் விளையாட்டு அது.

மகள் நறுமுகையோடு நீச்சல் குளத்தில் இறங்குவதாகச் சொல்லியிருந்தார். நான்கு வாரமாக ஞாயிறுதோறும் அவருக்குச் சளி பிடித்தது. இன்றும் தும்மத் தொடங்கியிருந்தார்.

“ஏங்க, உங்களுக்குத் தண்ணின்னா பயமா?”

திரையைப் பார்த்ததும் தும்மல் நின்றது. “எனக்குக் கடப்பாரை நீச்சல்தான் தெரியும்” என்றார்.

“பதினோரு வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லலையே.”

“உன் ஆட்டத்தையும் நான் பார்த்திருக்கேன். எந்த ஊருக்குள்ள போனாலும் ஒருத்தரும் உன்கிட்ட பேச்சுக் கொடுக்க மாட்டாங்க. நான் கேட்டேனா?”

அந்த ஊர்க்காரர்களை நாகரிகமானவர்கள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு வந்துவிட்டது, கொஞ்சம் வெட்கமும். ஒளித்துவைத்ததாக நான் நம்பியதைப் பார்த்துவிட்டு, இவர் சும்மா இருந்திருக்கிறார்.

மாலையில் மூவரும் குளத்துக்குப் போனோம். குழந்தைகள் பகுதியில், முழங்கால் தண்ணீரில், மதியழகன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கம்பியை விடுங்கப்பா” என்றாள் நறுமுகை. ஒரு கையை மட்டும் விட்டார்.

கரையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா என்னைப் பார்த்து, “முதல் நாளா?” என்று கேட்டார். வழக்கமாக நான் கைப்பேசிக்குள் குனிந்துகொள்ளும் நேரம்.

“ஆமாங்க, எங்க ரெண்டு பேருக்குமே” என்று சொல்லி, அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.