பிடி பிடியாய் உப்பு

"ஸ்வர்ணம், வந்தவா முன்னாடி அயனி கியனின்னு கெமிஸ்ட்ரி பேச வாயைத் திறந்தே, அப்புறம் நான் பொல்லாதவனாயிடுவேன்!" என்று சமையலறை வாசலில் நின்று பல்லைக் கடித்தார் வெங்கிடாசலம்.

ஸ்வர்ணலதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கெமிஸ்ட்ரியில் பி.எஸ்ஸி. முதல் வகுப்பு. ஒரு லேபில் வேலை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. "பொண்ணு சம்பாதிச்சு நான் சாப்பிடணுமா? பேசாம கல்யாணத்தைப் பண்ணிண்டு போ" என்று அப்பா ஒரே போடாகப் போட்டுவிட்டார். போன மாதம் வந்த பிள்ளை வீட்டாரிடம் இவள் கெமிஸ்ட்ரி பேசப்போய், அவர்கள் காபியைக்கூட முழுசாகக் குடிக்காமல் மட்டாஞ்சேரி ஜெட்டிக்கு ஓட்டம் பிடித்தார்கள்.

"அழாதேடி. கேட்டதுக்கு நன்னா பதில் சொல்லு, போறும்" என்று சொஜ்ஜித் தட்டை அவள் கையில் கொடுத்தாள் அம்மா லோகாம்பாள்.

கூடத்தில் கமலாக்ஷி மாமி உட்கார்ந்திருந்தாள். லோகாம்பாளுக்குக் கோயிலில் பழக்கமானவள். பக்கத்தில் வாயே திறக்காத ஓர் இளைஞன். எர்ணாகுளத்திலிருந்து போட்டில் வந்திருந்தார்கள்.

மாமி பாடச் சொல்லவில்லை. "ஏன் குட்டி, சோப்புத் தண்ணியில உப்பைப் போட்டா எந்தாகும்?" என்றாள்.

வெங்கிடாசலத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஸ்வர்ணம் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையாட்டினாள். அவ்வளவுதான், உள்ளே ஓடித் துணி சோப்பைச் சீவி, வெந்நீரில் கரைத்து, உப்பு ஜாடியோடு கொண்டுவந்துவிட்டாள். உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கக் கலக்க, சோப்பு பால் திரிகிற மாதிரி திரிந்து மேலே வந்தது.

"சோப்பிலேயும் சோடியம், உப்பிலேயும் சோடியம், மாமி. உப்போட சோடியம் தண்ணி முழுக்க நெருக்கியடிச்சுண்டு வந்துட்டா, சோப்பால கரைஞ்சு இருக்க முடியாது. வெளியே வந்துடும்."

"தேங்காயெண்ணெய் சோப்பாச்சே, அத்தனை லேசில் வராதே?"

"அதனாலதான் பிடி பிடியாப் போட்டேன்!"

மாமி கைதட்டிச் சிரித்தாள். "எனக்குப் பிடிச்சாச்சு. இவளை எங்களுக்கே தந்துடுங்கோ."

வெங்கிடாசலத்துக்கு வாயெல்லாம் பல். பெண்ணின் படிப்பை நினைத்து முதல் முறையாக அவருக்குப் பெருமையாக இருந்தது. "பேஷா அழைச்சுண்டு போங்கோ. என் பொண்ணாக்கும்! மாப்பிள்ளைதான் ஒண்ணுமே பேசலை…"

"மாப்பிள்ளையா? அனந்தநாராயணன் எங்க ஆபீஸ் கிளார்க்காக்கும். ரெண்டு குழந்தைக்கு அப்பா" என்றாள் மாமி. "ஸ்வர்ணம், திங்கக்கிழமை ஏலூருக்கு வந்துடு. நான் நடத்தற சோப்புக் கம்பெனி லேபுக்கு உன்னை எடுத்தாச்சு."

வெங்கிடாசலம் பேந்தப் பேந்த விழித்தபடி மனைவி பக்கம் திரும்பினார்.

"இன்டர்வியூன்னு சொல்லியிருந்தா, இவாளை வாசப்படி ஏற விட்டிருப்பேளோ?" என்றாள் லோகாம்பாள்.