தண்ணீர் ஊற்றாத தாழை

"தோட்டத்துக்கு ரெண்டு வருஷம் தண்ணி ஊத்துறது எங்க பொறுப்புன்னு எழுதிக் குடுத்தீங்கல்ல? ஒரு நாளாவது ஆள் வந்துச்சா?"

ஓசூரில், தனக்கு வீடு விற்ற கம்பெனி அலுவலகத்தில் மோகனப்ரியா பொரிந்து தள்ளினாள்.

"என்ன செடி மேடம்?" என்றான் மேலாளர் கௌதம்.

"எங்க ஊர்லருந்து கொண்டாந்து வச்ச தாழை. ஃபேக்டரி, ஷிஃப்டுன்னு நானும் ஒரு சொம்பு ஊத்தல. ரெண்டு கோடை போயிடுச்சு."

கௌதம் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டான். "இவ்ளோதானா? நாளைக்கே வேற செடி வைக்கச் சொல்றேன். நம்ம லேஅவுட் மேட்டுக்காடு மேடம், காயத்தான் செய்யும்."

"காஞ்சிடுச்சுன்னு யாரு சொன்னா?"

செல்போனை அவன் முன்னால் வைத்தாள். படத்தில், பின்சுவரை ஒட்டி இடுப்பு உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று புதராக நின்றது தாழை.

"நல்லாத்தான இருக்கு? அப்புறம் எதுக்குச் சண்டை?"

"எங்க ஊர்ல தாழை வாய்க்காக் கரையிலதான் வளரும். வேருக்கு எப்பவும் ஈரம் வேணும். யாருமே தண்ணி ஊத்தாம இது இப்படிச் செழிச்சிருக்கே... எந்த ஏரியை மூடி மேட்டுக்காடுன்னு எங்க தலையில கட்டுனீங்க?"