இரண்டு தூக்கு சாம்பார்

"நல்லா எழுதிக்குங்க சார். சாதின்னா இன்னான்னே எனக்குத் தெரியாது. அவ சாம்பார்ல ருசி இல்ல. அவ்ளோதான் என் கம்ப்ளெயிண்ட்டு" என்றார் தாண்டவராயன்.

செஞ்சியில் வேர்க்கடலை மண்டி வைத்திருப்பவர். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கத்துக்குத் தலைவர். சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் மீனம்பாளை எடுத்துவிடச் சொல்லி பி.டி.ஓ.வுக்கு மனு போட்டிருந்தார். மீனம்பாள் காலனியிலிருந்து வருகிறவள். மனுவில் அந்தப் பேச்சே கிடையாது. ருசி, ருசி என்று மூன்று பக்கம். நாலாவது பக்கத்தில், அந்த வேலைக்குத் தன் சித்தப்பா மகள் வசந்தா ரொம்பப் பொருத்தம் என்று இருந்தது.

எதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த இளையபெருமாள் மெட்ராஸ்காரர். சாதி பார்க்கிற மனசை எப்படி அளப்பது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அவர் ருசி பார்க்க வைத்து அறிக்கை கொடுக்கட்டும், அதன்படி செய்கிறேன் என்று பி.டி.ஓ. சொல்லிவிட்டார். மீனம்பாளின் வேலை இருக்குமா போகுமா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும். அவள் அடுப்படி ஓரமாக முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். பாவம், காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட அவளுக்கு இறங்கவில்லை.

இளையபெருமாள் படிவத்தில் அடுத்த கேள்விக்குப் போனார். "காலனிக்காரங்க வீட்ல தண்ணி குடிப்பீங்களா?"

"ஓ, தாராளமா."

"எப்பயாவது குடிச்சிருக்கீங்களா?"

"அந்தப் பக்கம் போறப்ப தாகம் எடுத்ததில்ல சார்."

பக்கத்தில் இருந்த தலைமையாசிரியர் ஜகபர் அலிக்கு இருமல் வந்தது.

இளையபெருமாள் படிவத்தை மூடினார். "நேரா கேட்டா எல்லாருமே இப்படித்தாங்க சொல்றாங்க. இதுவரைக்கும் எழுநூறு பேரைக் கேட்டாச்சு. இந்தப் படிவத்தை நம்புனா, செஞ்சி தாலுக்காவுலயே சாதி பாக்கற ஆளு ஒருத்தர்கூட இல்ல. அதனாலதான் வேற வழியிலயும் பாக்கறோம்."

மேஜைமேல் இரண்டு தூக்குகளை வைத்தார். ஒன்றின்மேல் 'மீனம்பாள்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. இன்னொன்றில் 'வசந்தா.'

"ருசி பாத்துட்டு சொல்லுங்க."

"என்கிட்டயா சார்? எங்க வீட்டுக்காரி அனந்தபுரத்துப் பொண்ணு. பதினெட்டு வருஷமா அவ கை சாம்பாரு. கண்ணைக் கட்டி விட்டாக்கூட நல்ல சாம்பாரை இந்த நாக்கு கண்டுபிடிச்சிடும்."

சொல்லிவிட்டாரே தவிர, கையை உடனே நீட்டவில்லை. மண்டியில் நல்ல மூட்டையை முன்னால் காட்டிச் சொத்தையைப் பின்னால் தள்ளுகிற வித்தை தெரிந்தவர். அவரையே ஏமாற்றுவதா? மெட்ராஸில் படித்தவன் பேரை நேராகவா ஒட்டியிருப்பான்? கட்டாயம் மாற்றித்தான் ஒட்டியிருப்பான். அப்படியானால் வசந்தா வைத்த சாம்பார் மீனம்பாள் பேர் ஒட்டிய தூக்கில் இருக்கிறது.

அந்தத் தூக்கிலிருந்து ஒரு கரண்டி உள்ளங்கையில் விட்டு உறிஞ்சினார். கண்ணை மூடினார்.

"ஆஹா. அமிர்தம் சார். பேரு மீனம்பான்னு இருந்தா இன்னா, நல்லதை நல்லதுன்னு சொல்லணும் இல்ல?"

பிறகு மற்றதை நாக்கு நுனியில் வைத்தார். வைத்ததுமே எழுந்துபோய் சன்னலுக்கு வெளியே துப்பினார்.

"இதுவா சாம்பாரு? மாடுகூட மூக்கைத் திருப்பிக்கும். பருப்பு வேகல. புளி கரைக்கவே தெரியாத கை."

மீனம்பாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஜகபர் அலி கண்ணாலேயே அவளை அடக்கினார்.

"நல்லா ருசி பாத்துத்தான் சொல்றீங்களா?" என்றார் இளையபெருமாள்.

"இந்தக் கையால ஆக்குனதை இனிமே ஒருவேளைகூட நான் தின்னமாட்டேன். எழுதுங்க, கையெழுத்தே போடறேன்."

இளையபெருமாள் எழுதினார். தாண்டவராயன் கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அட்டகாசமாகச் சிரித்தார்.

"சீட்டை மாத்தி ஒட்டிட்டா நான் ஏமாந்துடுவேன்னு பாத்தீங்களா சார்?"

"மாத்தி ஒட்டலீங்க."

தாண்டவராயனின் சிரிப்பு அப்படியே நின்றது. மீனம்பாள் சாம்பாரையா அமிர்தம் என்று சொல்லித் தொலைத்தோம்? "அப்போ... நேராவே ஒட்டிட்டீங்களா?" என்றார் மெதுவாக.

"நேராவும் ஒட்டலீங்க."

"இன்னா சார் இது, கொழப்பறீங்க."

அப்போது வாசல் பக்கமிருந்து குரல் வந்தது. "உங்க ஆராய்ச்சி முடிஞ்சுதுன்னா என் குண்டானைக் குடுத்துடுங்க சார்."

தாண்டவராயன் திரும்பினார். அவர் மனைவி மாரியம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ, தெரியவில்லை.

நேராக வந்து இரண்டு தூக்குகளிலும் எட்டிப் பார்த்தாள். "காலையில நம்ம வீட்ல வந்து ஒரு குண்டான் சாம்பார் வாங்கினு போனீங்களே, அதைத்தான் இப்படி ரெண்டா ஊத்தி வெச்சிருக்கீங்களா?"

ஜகபர் அலி அந்த நாலு பக்க மனுவை மேஜைமேல் மெல்ல நகர்த்தினார். தாண்டவராயன் அதை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

மாரியம்மாள் மேஜைக்கடியில் இருந்த காலிக் குண்டானை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

"மீனம்பா, நாளையிலருந்து இவருக்கும் இங்கியே ஒரு தட்டு சோறு போட்டுடு. என் கையால ஆக்குனதை இனிமே தின்னமாட்டேன்னு கையெழுத்தே போட்டுட்டாரு."