ஒழுகும் மூலை

காலில் அடிபட்ட பிறகு பூரணி என்ற அணிலுக்கு உயரம் ஏறுவது பெரும்பாடாகிவிட்டது. நாவல் மரத்து உச்சியில் இருந்த தன் பொந்தை விற்றுவிட்டு, கீழே ஒரு சுவர்ச் சந்தில் குடியேற நினைத்தாள். விலை, மழைக்காலம் முடியும்வரை தினம் ஒரு கொய்யா. தீனி தேடி அலைய முடியாதவளுக்கு அதுதான் சோறு.

வாங்க வருபவர்களுக்குக் காட்டும் முன் ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி மரங்கொத்தியை அழைத்தாள். அவர் உட்புறமெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டு, மேல் மூலையில் அலகை நிறுத்தினார்.

"இங்கே தேங்காய் நார் புதுசா இருக்கே?"

பூரணி வாலைச் சுருட்டிக்கொண்டாள். "நேத்துதான் அடைச்சேன் அண்ணே. மழை வந்தா ஒழுகும்."

"மத்தபடி நல்ல பொந்து. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். நீ சொல்றதும் சொல்லாததும் உன் பாடு" என்று அவர் பறந்துபோனார்.

மறுநாள் மைனா ஜோடி ஒன்று வந்தது. பெண் மைனாவுக்கு முட்டையிடும் நேரம், மூச்சு வாங்கியது. அவளைப் பார்த்ததும் பூரணிக்கு மனசு கேட்கவில்லை. நாரைப் பிடுங்கி வெளியே எறிந்தாள்.

"இங்கே ஒழுகும், தாயி."

சொல்லிவிட்டு, கொய்யா போனதென்றே நினைத்தாள்.

மைனா அந்த ஓட்டையை அண்ணாந்து பார்த்தாள். "அப்போ முட்டையை எங்கே வச்சா நனையாது அக்கா?"

பூரணி நொண்டியபடியே எதிர்ப்பக்கம் போய், அங்கே கிடந்த சருகை ஒதுக்கினாள்.

"இங்கே வை. என் மூணு பிள்ளைகளும் இங்கேதான் கண் திறந்துச்சுங்க."